குறை சொல்லிவிட்டார்கள், இனி என்ன செய்வது? – எழுதுவோர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே சங்கடத்தைப் பற்றியவை. எழுதியதை ஒருவரிடம் படிக்கக் கொடுத்தாயிற்று. அவர் குறை சொல்லிவிட்டார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இதைப் பற்றிய ஐந்து கடிதங்களுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன். பலர் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் குறிப்பிடவில்லை.

கேள்வி: தந்தை இறந்த பிறகு, அவர் தனியாக வாழ்ந்த வீட்டைக் காலி செய்ய மகன் வருவதைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினேன். மூன்று பேரிடம் படிக்கக் கொடுத்தேன். தொடக்கம் மிக நீளம் என்றார் ஒருவர். மகன் ஏன் அழவே இல்லை என்று கேட்டார் இன்னொருவர். முடிவு அவசரமாக இருக்கிறது என்றார் மூன்றாமவர். ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லவில்லை. நான் யார் பேச்சைக் கேட்பது? கதையை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பதில்: கதையை இரண்டு முறை படித்தேன். மூவரும் வெவ்வேறு குறைகளைச் சொன்னதாக நீங்கள் நினைக்கிறீர்கள்; எனக்கோ மூவரும் ஒரே குறையை மூன்று இடங்களில் தொட்டிருப்பதாகத் தெரிகிறது. தந்தையும் மகனும் 11 ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளவில்லை என்ற செய்தி, 12 பக்கக் கதையில் 9-ஆம் பக்கத்தில்தான் வருகிறது. அது தெரியாதவரை, மகன் அறை அறையாகப் போய் அலமாரிகளைத் திறப்பதும் பழைய ரசீதுகளைக் கிழித்துப் போடுவதும் வாசகருக்கு வெறும் சாமான் கணக்குதான். எதற்காகப் பார்க்கிறோம் என்று தெரியாமல் பார்க்கும் எதுவும் நீளமாகத்தான் படும். அழாத மகனைப் பற்றிய கேள்வியும் அங்கிருந்தே பிறக்கிறது. செய்தி தெரிந்த பின்போ, அதன் கனம் மனத்தில் இறங்குவதற்கு மூன்றே பக்கங்கள் மிச்சமிருக்கின்றன. முடிவு அவசரமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

முதுகெலும்பின் அடியில் நரம்பு நெருக்குண்டால் வலி காலுக்கு இறங்கும். நோயாளி காலைத்தான் தொட்டுக் காட்டுவார். அவர் காட்டும் வலி மெய்யானது; ஆனால் காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கும் மருத்துவர் நோயைத் தொடவில்லை. எழுத்தைப் படித்துக் கருத்துச் சொல்பவர்களும் பெரும்பாலும் இப்படித்தான். எங்கே நின்றுபோனோம், எங்கே சலித்தது, எங்கே நம்பிக்கை வரவில்லை என்று அவர்கள் சொல்வதை நான் ஏறத்தாழ எப்போதும் நம்பிவிடுவேன், ஏனென்றால் அது அவர்களுக்கு நேர்ந்த அனுபவம். அதில் பொய்யாவதற்கு எதுவும் இல்லை. ‘ஆகையால் இதை வெட்டிவிடு, அதைச் சேர்த்துவிடு’ என்று அவர்கள் தரும் மருந்தை மட்டும் அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. அதைத் தீர்மானிக்க கதை முழுவதும் யாருடைய கையில் இருக்கிறதோ அவரால்தான் முடியும்.

இதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் சான்று ஒன்று உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலின் கைப்பிரதியை 1924-ஆம் ஆண்டு தம் பதிப்பாசிரியர் மாக்ஸ்வெல் பெர்கின்ஸுக்கு அனுப்பினார். பெர்கின்ஸ் நாவலை மனமாரப் பாராட்டினார். ஆனால் நாயகன் கேட்ஸ்பி மங்கலாகத் தெரிகிறான், வாசகரின் கண் அவன்மேல் குவிய மறுக்கிறது, அவனுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் புலப்படவில்லை என்று எழுதினார். அதற்கு ஃபிட்ஸ்ஜெரால்டு எழுதிய மறுமொழிதான் முக்கியமானது: கேட்ஸ்பி எப்படி இருப்பான், என்ன தொழில் செய்கிறான் என்பது தமக்கே தெரிந்திருக்கவில்லை என்றும், அதை நீங்கள் உணர்ந்துவிட்டீர்கள் என்றும் ஒப்புக்கொண்டார். எழுதியவருக்கே தெரியாமல் எழுத்துக்குள் இருந்த வெற்றிடத்தைப் படித்தவர் உணர்ந்திருக்கிறார். அதன் பிறகு அச்சுப் படிகளிலேயே அந்தப் பாத்திரத்தின் கடந்தகாலத்தை இடம் மாற்றியும் புதிதாகச் சேர்த்தும் திருத்தினார். நாவல் 1925 ஏப்ரலில் வெளிவந்தது.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இது. கதையின் புதிய படி ஒன்றை எடுத்து, மூவரும் தடுக்கிய இடங்களை மட்டும் ஓரத்தில் குறியுங்கள். அவர்கள் சொன்ன தீர்வுகளை எழுத வேண்டாம். பிறகு, ‘இந்த இடத்தில் வாசகருக்குத் தெரியாதது எது, எனக்கு மட்டும் தெரிந்தது எது?’ என்று ஒவ்வொரு குறியிலும் கேளுங்கள். அந்த 11 ஆண்டு மௌனத்தை இரண்டாம் பக்கத்தில் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு பக்கம்கூட வெட்டாமலேயே தொடக்கத்தின் நீளம் குறைந்துவிடக்கூடும். திருத்திய படியை அந்த மூவரிடமே மறுபடியும் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு இப்போது எல்லாம் தெரியும்; தெரிந்ததை மறந்துவிட்டுப் படிக்க எவராலும் இயலாது. கதையை அறியாத நான்காம் ஒருவர் வேண்டும்.

கேள்வி: என் பாட்டியைப் பற்றி ஒரு நினைவுக் கட்டுரை எழுதினேன். படித்தவர், ‘நடை செயற்கையாக இருக்கிறது’ என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார். மேற்கொண்டு கேட்டால், ‘என்னவோ ஒட்டவில்லை’ என்கிறார். இப்படிப்பட்ட கருத்தால் என்ன பயன்?

பதில்: பயன் இருக்கிறது, ஆனால் அதை நீங்கள்தான் மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும். படிப்பவர்களுக்கு நோவு தெரியும். நோவின் பெயர் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தப் பெயர்களைத் தமிழ் நெடுங்காலத்துக்கு முன்பே திரட்டி வைத்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அடுக்குகிறார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துவிட்ட பட்டியல் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். ‘போர் அடிக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், கூறியது கூறலா, மற்றொன்று விரித்தலா, பொருளற்ற வெறுஞ்சொற்களை அடுக்கும் வெற்றெனத் தொடுத்தலா என்று நீங்களே பிரித்துப் பார்க்கலாம். மூன்றும் வேறு வேறு நோய்கள். மூன்றுக்கும் மருந்தும் வேறு. ‘கடைசியில் விட்டுப்போய்விட்டது’ என்று சொல்பவர் சென்று தேய்ந்து இறுதலைத்தான் சொல்கிறார்.

இனி உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். முதல் பத்தியில் ஒரு வாக்கியம்: ‘அவருடைய அளவற்ற அன்பும் கனிவும் கருணையும் என் இளமைக் காலத்தை ஒளிமயமாக்கின.’ அன்பு, கனிவு, கருணை என்று மூன்று சொற்கள் வரிசையாக வருகின்றன. மூன்றும் ஒன்றையே சொல்கின்றன. எந்தப் பாட்டிக்கும் பொருந்துகின்றன. இது மிகைபடக் கூறல், வெற்றெனத் தொடுத்தலும்கூட. அடுத்த பக்கத்தில் இன்னொரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள்: ‘இரவில் நான் படித்துக்கொண்டிருந்தால், தூக்கம் வராதவர் போல என் எதிரில் வந்து உட்கார்ந்து, எழுத்தறியாத பாட்டி ஒரு நாளிதழை விரித்து வைத்துக்கொள்வார்.’ இந்த வாக்கியத்தை வாசித்து முடித்தபோது நான் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே இருந்தேன். அன்பு என்ற சொல் அதில் இல்லை. முதல் வாக்கியம் சொல்ல முயன்று தோற்றதை இது சொல்லிவிட்டது.

‘ஒட்டவில்லை’ என்று சொன்னவர் இந்த இரண்டு குரல்களுக்கும் இடையே உள்ள விரிசலைத்தான் உணர்ந்திருக்கிறார். ஒன்று நீங்கள் கண்டது. மற்றது எங்கெங்கோ படித்த வாழ்த்துரைகளிலிருந்து கைக்கு வந்தது. அவரிடம் மறுபடி போகும்போது, ‘ஏன் செயற்கை?’ என்று கேட்காதீர்கள். ‘எந்த வரி செயற்கை? எந்த வரி அப்படி இல்லை?’ என்று பேனாவைக் கையில் கொடுத்து அடிக்கோடு இடச் சொல்லுங்கள். காரணம் சொல்லத் தெரியாதவர்களும் இடத்தைச் சரியாகக் காட்டிவிடுவார்கள்.

கேள்வி: என் கட்டுரையை ஒருவர் முற்றிலும் தவறாகப் புரிந்துகொண்டு குறை சொல்கிறார். நான் என்ன சொல்ல வந்தேன் என்று அவருக்கு விளக்கி எழுதலாமா?

பதில்: எழுதுங்கள், ஆனால் அனுப்ப வேண்டாம். அந்த விளக்கத்தை ஒரு தாளில் முழுமையாக எழுதி, பிறகு கட்டுரைக்கு அருகில் வைத்துப் படியுங்கள். கட்டுரையில் இருந்திருக்க வேண்டிய வாக்கியம் பல வேளைகளில் அந்த விளக்கத்துக்குள்தான் இருக்கும். கோபத்தில் எழுதும்போது நாம் மிகவும் தெளிவாக எழுதிவிடுகிறோம். அவருக்கு நன்றி சொல்லி, ‘எந்த இடத்தில் உங்களுக்கு அப்படித் தோன்றியது?’ என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டால் போதும். கட்டுரை அச்சாகிப் பலரிடம் போகும்போது ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் விளக்கம் சொல்ல முடியாது.

கேள்வி: எழுத்துப் பயிலரங்கு ஒன்றில் என் கதையை எல்லார் முன்னிலையிலும் வரிக்கு வரி கிழித்துப் பேசினார்கள். நான்கு மாதங்கள் ஆகின்றன. ஒரு பக்கம்கூட எழுதவில்லை. எனக்கு எழுதும் தகுதியே இல்லை என்று தோன்றுகிறது.

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வலித்தது என்பதற்காக வெட்கப்பட வேண்டாம். எழுதியவருக்கு வலிக்காமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். விமரிசனத்தைப் புன்னகையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அறிவுரை சொல்பவர்கள், வலிக்காதவர்போல் நடிக்கத்தான் நம்மைப் பழக்குகிறார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இதழாசிரியர் என்னுடைய நீண்ட கட்டுரை ஒன்றைத் திருப்பி அனுப்பினார். முதல் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் மூன்றே சொற்கள் இருந்தன: ‘இதில் நீங்கள் எங்கே?’ அந்த உறையை இரண்டு வாரம் மேசையின் அடித்தட்டில் போட்டு வைத்திருந்தேன். நினைக்கும்போதெல்லாம் உடம்பு சூடாகும். மூன்றாம் வாரத்தில் எடுத்து எண்ணிப் பார்த்தேன். 14 பக்கங்களில் 22 மேற்கோள்கள் இருந்தன. நானாகச் சிந்தித்துச் சொன்னவற்றைச் சேர்த்தால் ஒரு பக்கம் தேறவில்லை. அந்த மூன்று சொற்களும் இரண்டு வாரத்துக்கு முன்பும் அவையேதான். கேட்கும் நிலையில் நான்தான் இல்லை. அன்றிலிருந்து எந்தக் கருத்தையும் கிடைத்த நாளில் தீர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். படித்துவிட்டு மூடி வைத்துவிடுவேன். பத்து நாளாவது கழித்துத்தான் கையெழுத்துப் படியோடு சேர்த்துத் திறப்பேன்.

ஆனால் நான்கு மாதம் என்பது பத்து நாள் அல்ல. அதுவும், கதையைப் பற்றிச் சொன்னதை நீங்கள் உங்களைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸின் ‘எண்டிமியன்’ 1818-ஆம் ஆண்டு வெளிவந்தபோது, பெயர்பெற்ற இரண்டு இதழ்கள் அதை எள்ளி நகையாடின. மருந்துத் தொழில் பயின்றவர் என்பதால், மருந்துக் கடைக்கே திரும்பிப் போகும்படி ஓர் இதழ் எழுதியது. அது கவிதையைப் பற்றிய பேச்சே அல்ல, ஆளைப் பற்றிய ஏளனம். அதே ஆண்டு அக்டோபரில் கீட்ஸ் எழுதிய கடிதத்தில், அந்த இதழ்களால் தரக்கூடிய வலியைக் காட்டிலும் தம் எழுத்தைத் தாமே ஆராய்ந்து பார்த்ததில் பட்ட வலி ஒப்பிட முடியாத அளவுக்குப் பெரிது என்கிறார். அந்த மதிப்புரைகளால் மனமுடைந்து இறந்தார் என்ற கதை பின்னால் பரவியது. உண்மையில் 1821-இல், 25 வயதில், காசநோயால் இறந்தார். இடையில் 1819-ஆம் ஆண்டு இருக்கிறது. இன்றும் அவரை நாம் படிப்பதற்குக் காரணமான, ‘ஓட்’ (ode) எனப்படும் பாடல்களைப் பெரும்பாலும் அந்த ஓராண்டில்தான் எழுதினார். எண்டிமியனில் குறைகள் உண்டு என்று அவருக்கே தெரியும். அதைத் திருத்திக்கொண்டு உட்காராமல் அடுத்ததை எழுதினார்.

நீங்களும் அந்தக் கதையை இப்போதைக்குத் தொட வேண்டாம். பயிலரங்கில் பேசப்பட்டவற்றை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். ‘இந்த வாக்கியம்’, ‘இந்தக் காட்சி’ என்று தொடங்குபவற்றை வைத்துக்கொண்டு, ‘நீங்கள்’ என்று தொடங்குபவற்றை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது அரைப் பக்கத்துக்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். அதை ஓரமாக வைத்துவிட்டு, யாருக்கும் காட்டப்போவதில்லை என்ற உறுதியோடு வேறொரு கதையின் முதல் பக்கத்தை எழுதுங்கள்.

கேள்வி: சொன்னவர்கள் சொன்னபடியெல்லாம் திருத்தினேன். இப்போது என் குறுநாவலில் பிழை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் உயிரும் இல்லை. எந்தக் கருத்தை மறுப்பது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பழைய படியை அழித்துவிடவில்லை என்று நம்புகிறேன். இந்த விடை முழுவதும் அதைச் சார்ந்தது.

‘உயிர்’ என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்ஸன் நினைவுக்கு வந்தார். 1862 ஏப்ரலில் அவர் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்ஸன் என்ற எழுத்தாளருக்கு நான்கு கவிதைகளை அனுப்பி, தம் கவிதைக்கு உயிர் இருக்கிறதா என்றுதான் கேட்டார். நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஹிக்கின்ஸனுக்கு அந்தக் கவிதைகளின் நடை தடுமாறுவதாகப் பட்டது. குறைகளை எடுத்துச் சொன்னார். டிக்கின்ஸன் அடுத்த கடிதத்திலேயே, செய்த அறுவைக்கு நன்றி, நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை என்று எழுதினார். ஆனால் நடையை மாற்றிக்கொள்ளவில்லை. மனஸ்தாபமும் கொள்ளவில்லை, 1886-இல் இறக்கும்வரை இருவருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. அவர் இறந்தபின் 1890-இல் வெளிவந்த முதல் தொகுப்பில், தொகுப்பாசிரியர்களான ஹிக்கின்ஸனும் மேபல் லூமிஸ் டாட்டும் நிறுத்தக்குறிகளையும் சில இயைபுகளையும் வழக்கமான முறைக்கு மாற்றிவிட்டார்கள். கைப்பிரதியில் இருந்தவாறே கவிதைகளை முழுமையாகப் படிக்க உலகம் 1955-ஆம் ஆண்டுப் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதைப் படித்துவிட்டு, ‘என் நடை இப்படித்தான்’ என்று எல்லாக் கருத்தையும் தள்ளிவிட நினைப்பவர்களும் உண்டு. அது மறுப்பதற்குரிய காரணம் ஆகாது. நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இது: குறை சொல்லப்பட்ட வரி அங்கே என்ன வேலை செய்கிறது, அதை எடுத்தால் எது போய்விடும் என்று ஒரே வாக்கியத்தில் எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தால் அதை விட்டுவைப்பேன். சொல்ல முடியவில்லை, அழகாக இருக்கிறது என்பது மட்டுமே காரணம் என்றால் எடுத்துவிடுவேன்.

உங்களுக்கு நேர்ந்ததோ வேறு. குறை கேட்டுக் கேட்டு, கேட்காத இடங்களையும் வெட்டியிருக்கிறீர்கள். இது பெரியவர்களுக்கும் நேர்ந்ததுதான். 1922-இல் வெளிவந்த டி.எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ நெடுங்கவிதையின் கைப்பிரதியில் அவருடைய நண்பரான கவிஞர் எஸ்ரா பவுண்டு பெரும்பகுதியை வெட்டினார். நான்காம் பகுதியில் இருந்த நீண்ட கடற்பயணக் காட்சி முழுவதும் போய், மூழ்கி இறந்த ஃபிளீபஸ் என்ற மாலுமியைப் பற்றிய பத்து வரிகளே மிஞ்சின. மனம் தளர்ந்த எலியட், அந்த மாலுமியையும் எடுத்துவிடட்டுமா என்று பவுண்டுக்கு எழுதிக் கேட்டார். கூடாது, ஃபிளீபஸ் கவிதைக்கு இன்றியமையாதவன் என்று பவுண்டு தடுத்துவிட்டார். அவ்வளவு வெட்டியவருக்கே வெட்டக்கூடாத இடம் தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் எடு என்று சொல்பவரையும், எல்லாமே அருமை என்று சொல்பவரையும் விட, ‘இதைத் தொடாதே’ என்று ஓரிடத்திலாவது சொல்பவரை நம்பலாம். உங்கள் குறுநாவலைப் படித்தவர்களிடம், ‘நான் எதைத் தொடக்கூடாது?’ என்று கேட்டீர்களா? கடிதத்தைப் பார்த்தால் கேட்கவில்லை என்று தோன்றுகிறது.

பழைய படியையும் புதிய படியையும் அருகருகே வைத்து, ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, வாய்விட்டுப் படியுங்கள். புதிய படியில் வாசிக்கும்போது எங்கே உங்கள் குரல் தானாகத் தாழ்கிறதோ அங்கே நிறுத்தி, பழைய படியில் அதே இடத்தைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய மாதிரி அத்தியாயத்திலேயே ஓரிடம் தெரிகிறது. அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஜன்னல் துடைக்கும் காட்சியைப் பழைய படியில் ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். ‘கதை நகரவில்லை’ என்று யாரோ சொன்னதால் இரண்டு வரியாக்கிவிட்டீர்கள். கதை அங்கே நகரக் கூடாது. அவர்கள் இருவரும் பேசாமல் நிற்கும் அந்த ஒரு பக்கத்தை முதலில் திரும்பக் கொண்டுவாருங்கள். மற்றவற்றை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.